அமைலேஸ் சுரக்கும் மண் பாக்டீரியா: 'மாப்பகு' என்ற சொல்லை முன்வைக்கிறேன்

அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூரில் நம் அடுக்குமாடி புளோக்கின் சமூகத் தோட்டத்து உரத்தொட்டிக்குத் தமிழ்ப் பலகை எழுத, மாவுச்சத்தைச் சிதைக்கும் மண் பாக்டீரியாவுக்கும் அதன் நொதிக்கும் (என்சைம்) சொல் கேட்டிருந்தீர்கள். ஆசிரியர் ஐயா 'மாவுத்தின்னி' என்றார்; அடுத்த மடலில் 'மாவறு நொதி' வந்தது. இரண்டும் வாய்க்கு எளிது. ஆனாலும் இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் 'தின்னி'. பாசில்லஸ் சப்டிலிஸ் போன்ற மண் பாக்டீரியா மாவுச்சத்தை அப்படியே தின்பதில்லை. குளுக்கோஸ் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி அது, செல்லுக்குள் நுழையாது. அதனால் பாக்டீரியா, மாவுச்சத்தை வெட்டும் அமைலேஸ் என்ற நொதியை வெளியே சுரந்துவிடுகிறது. வெட்டு முழுக்க வெளியில்தான் நடக்கிறது. சங்கிலி சிறு சர்க்கரைத் துண்டுகளாக ஆன பிறகே உள்ளே போகிறது.

இதைப் பள்ளி ஆய்வகத்திலேயே கண்ணால் பார்க்கலாம். மாவுச்சத்து கலந்த அகார் (கடற்பாசிக் கூழ்) தட்டில் மண் கரைத்த நீரைத் தடவி, ஓரிரு நாள் வளரவிட்டு, அயோடின் ஊற்றுங்கள். மாவுச்சத்து இருக்கும் இடமெல்லாம் கருநீலமாகும். சில பாக்டீரியாத் திட்டுகளைச் சுற்றி மட்டும் நிறம் ஏறாத வளையம் நிற்கும். கவனியுங்கள், வளையம் திட்டையும் தாண்டிப் பரவியிருக்கும். பாக்டீரியா இல்லாத இடத்திலும் மாவுச்சத்து போய்விட்டது, ஏனென்றால் நொதி அங்கே ஊறிச் சென்றிருக்கிறது. 'தின்னி' என்று எழுதினால் இந்த அழகான செய்தி பிள்ளைகளுக்குப் போய்ச் சேராது.

அடுத்து 'மாவறு'. அறுத்தல் என்ற எண்ணம் சரிதான். ஆனால் மாசறு என்றால் மாசு இல்லாதது. அந்தப் பழக்கத்தில் மாவறு நொதியை 'மாவு இல்லாத நொதி' என்றே பலர் படிப்பார்கள். 'மாவுடை' என்றாலும் இதே சிக்கல், உடைப்பதா, உடையதா?

பகு என்ற வேரை எடுத்துக்கொள்வோம். நீர் மூலக்கூறு ஒன்றைச் செலவிட்டுப் பிணைப்பைப் பிரிக்கும் வினைக்கு 'நீராற்பகுப்பு' என்ற பெயர் ஏற்கெனவே நிலைத்திருக்கிறது. அமைலேஸ் செய்வதும் அதையேதான். இலங்கைத் தமிழர்கள் மாவுச்சத்தை மாப்பொருள் என்பார்கள். ஆகவே மாப்பகு நொதி, மாப்பகு பாக்டீரியா.

இந்தச் சொல் கிளைக்கவும் செய்யும், அதுதான் எனக்குப் பெரிய காரணம். ஆல்ஃபா அமைலேஸ் சங்கிலியின் நடுவே எங்கு வேண்டுமானாலும் வெட்டும்: உட்பகு நொதி. குளுக்கோஅமைலேஸ் முனையிலிருந்து ஒவ்வொரு குளுக்கோஸாகக் கழற்றும்: முனைப்பகு நொதி. புல்லுலனேஸ் கிளை பிரியும் இடத்தை வெட்டும்: கிளைப்பகு நொதி.

பொதுவாக 'சிதைப்பி' என்றால் போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். நம் தொட்டியையே பாருங்கள். மீந்த சோறு, உருளைக்கிழங்குத் தோல், மரவள்ளித் துண்டு எல்லாம் சீக்கிரம் குழைந்துவிடுகின்றன. கரும்புச் சக்கையும் பாண்டான் இலையும் அப்படியே கிடக்கின்றன. செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலிதான், ஆனால் பிணைப்பின் அமைப்பு வேறு. அமைலேஸால் அதைத் தொட முடியாது. அதற்கு செல்லுலேஸ் வேண்டும். அதை நார்ப்பகு நொதி எனலாம். 'சிதைப்பி' இந்த வேறுபாட்டை விழுங்கிவிடும்.

அமைலேஸ் என்ற பெயரை அப்படியே வைத்துக்கொள்ளலாம். 1833-இல் பிரான்சில் பாயென், பெர்சோ என்ற வேதியியலாளர்கள் முளைவிட்ட பார்லியிலிருந்து பிரித்தெடுத்த டயஸ்டேஸ் என்ற நொதியின் பெயரிலிருந்துதான் நொதிப் பெயர்களின் 'ஏஸ்' விகுதி வந்தது. உலகம் முழுக்கப் புழங்கும் பெயர், நமக்கும் இருக்கட்டும். மாப்பகு என்பது அது செய்யும் வேலையைச் சொல்லும் சொல்.

ஒரே ஒரு வேண்டுகோள்: பலகையில் 'கிருமி' வேண்டாம். நம் வீடுகளில் கிருமி என்றாலே நோய். பிள்ளையைத் தொட்டிப் பக்கம் விடமாட்டார்கள். இங்கே குப்பையில் போகும் சோறு பெரும்பாலும் எரியுலைக்குப் போய், சாம்பலாகி, செமாக்காவ் தீவில் கொட்டப்படுகிறது. தொட்டிக்கு வரும் ஒவ்வொரு பிடியும் மண்ணுக்குத் திரும்புகிறது. அதற்கு ஆள் வர வேண்டுமே!

பலகைக்கு நான் எழுதிய வரி: "மண்ணில் வாழும் மாப்பகு பாக்டீரியா நொதியைச் சுரந்து, சோற்றிலும் கிழங்கிலும் உள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாகப் பகுக்கிறது."

ஆசிரியர் ஐயா, 'மாப்பகு'வில் ஒற்று மிகுவது சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். மற்றவர்கள் மறுப்பு இருந்தால் பலகை அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.