பைதான்: ஃபங்ஷன் விலையைச் சரியாகக் காட்டுகிறது, கூட்டினால் மட்டும் பிழை

பால்கணக்கு

பைதான் நிரல்மொழி கற்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. வீட்டில் இரண்டு மாடு, தெருவில் சில வீடுகளுக்குப் பால் ஊற்றுகிறோம். அம்மா காலண்டரில் எழுதி வைக்கிற கணக்கை நிரலாகப் போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். லிட்டர் 40 ரூபாய். விலையைக் கணக்கிட பால்_விலை என்று ஒரு ஃபங்ஷன் (பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடும் நிரல் துண்டு) எழுதினேன். ஃபோனில் விசைப்பலகையை மாற்றி மாற்றித் தட்ட முடியவில்லை, அதனால் ஆங்கிலக் கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெஃப் பால்_விலை(லிட்டர்):
    விலை = லிட்டர் * 40
    பிரிண்ட்(விலை)

காலை = பால்_விலை(6.5)
மாலை = பால்_விலை(5)
பிரிண்ட்(காலை + மாலை)

ஓட்டினால் 260.0, 200 என்று இரண்டும் சரியாகவே வருகின்றன. அதற்கு அடுத்து 460 வரவேண்டிய இடத்தில் இப்படி:

டைப்எரர்: அன்சப்போர்ட்டட் ஆப்பரண்ட் டைப்(ஸ்) ஃபார் +: 'நன்டைப்' அண்ட் 'நன்டைப்'

இரண்டு எண்களும் கண்ணுக்கு எதிரே இருக்கும்போது ஏன் கூட்ட மறுக்கிறது?

அவசரக்காரன்

ஃபங்ஷனுக்குள் முதல் வரியாக குளோபல் விலை என்று போடுங்கள். வெளியே வந்து விலை என்பதை எடுத்துக் கூட்டிக்கொள்ளலாம். இரண்டு நிமிட வேலை.

லேப்_டீச்சர்

குளோபல் வேண்டாம் தம்பி. காலைக்கு ஒரு முறை, மாலைக்கு ஒரு முறை ஃபங்ஷனைக் கூப்பிடுகிறீர்கள். இரண்டு முறையும் அதே விலை மாறியில்தான் எழுதும். 260 இருந்த இடத்தில் 200 வந்து உட்கார்ந்துவிடும், காலைக் கணக்கு போய்விடும்.

உங்கள் பிழைக்கு வருகிறேன். பிரிண்ட்(காலை) என்று தனியாக ஒரு வரி போட்டு ஓட்டிப் பாருங்கள். 260 வராது, நன் (None, 'ஒன்றுமில்லை') என்று வரும். திரையில் எழுதியதைப் படிப்பது நீங்கள்தான். நிரல் தன் திரையைத் தானே படிப்பதில்லை. ஃபங்ஷன் விலையைத் திரையில் எழுதியது, ஆனால் கூப்பிட்ட இடத்துக்கு எதையும் கொண்டுவந்து தரவில்லை. ரிட்டர்ன் ('திருப்பிக் கொடு') என்ற கட்டளை இல்லாமல் ஒரு ஃபங்ஷன் முடிந்தால் பைதான் அதன் சார்பில் நன் என்ற மதிப்பைத் திருப்பித் தரும். காலை, மாலை என்ற இரண்டு மாறிகளிலும் உட்கார்ந்திருப்பது அதுதான். நன்னையும் நன்னையும் கூட்டச் சொல்கிறீர்கள், அது மறுக்கிறது.

பிரிண்ட்(விலை) என்ற வரியை எடுத்துவிட்டு ரிட்டர்ன் விலை என்று எழுதுங்கள்.

என் வகுப்பில் இதைப் புரியவைக்க எழில் மொழியைத்தான் காட்டுவேன். தமிழிலேயே நிரல் எழுதும் மொழி அது. அதில் பிரிண்டுக்குப் 'பதிப்பி', ரிட்டர்னுக்குப் 'பின்கொடு'. இந்த இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

பால்கணக்கு

460.0 வந்துவிட்டது, நன்றி அக்கா. ஆனால் இப்போது காலை விலையும் மாலை விலையும் திரையில் வரவில்லை. நேற்று அந்தக் கறுப்பு ஜன்னலில், மூன்று அம்புக்குறிக்குப் பக்கத்தில் பால்_விலை(5) என்று தட்டினால் 200 என்று வந்ததே? அதே வரியைக் கோப்பில் எழுதி ஓட்டினால் ஒன்றுமே இல்லை.

அவசரக்காரன்

பிரிண்ட், ரிட்டர்ன் இரண்டையும் போட்டுவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

லேப்_டீச்சர்

தீராது. 30 நாளுக்குக் கூட்டும்போது வேளைக்கு ஒன்றாக 60 வரி திரையில் ஓடும், மொத்தத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

அந்த அம்புக்குறி ஜன்னலுக்கு ஒரு பழக்கம் உண்டு. நீங்கள் தட்டிய வரிக்கு ஒரு மதிப்பு கிடைத்தால் கேட்காமலே காட்டிவிடும், நன்னாக இருந்தால் மட்டும் காட்டாது. கோப்பாக ஓட்டும்போது அந்த உபசரிப்பு கிடையாது. பார்க்க வேண்டியதை வெளியே நீங்களே பிரிண்ட்(காலை) என்று எழுதிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய ஃபங்ஷனை அதே ஜன்னலில் கூப்பிட்டிருந்தாலும் 200 தான் தெரிந்திருக்கும். ஆரம்பத்தில் எல்லோரும் ஏமாறுவது இங்கேதான்.

பால்கணக்கு

சரி, புரிகிறது. மாதக் கணக்குக்கு இப்படி எழுதினேன்:

டெஃப் மாத_மொத்தம்(அளவுகள்):
    மொத்தம் = 0
    ஃபார் லி இன் அளவுகள்:
        மொத்தம் = மொத்தம் + பால்_விலை(லி)
        ரிட்டர்ன் மொத்தம்

சோதிக்க [6.5, 5, 6] கொடுத்தேன். 700 வரவேண்டும், 260.0 தான் வருகிறது. பிழைச் செய்தியும் இல்லை.

ஓரமாக_நிற்பவன்

ரிட்டர்ன் வரி ஃபார் சுற்றுக்குள் இருக்கிறது. ரிட்டர்னைத் தொட்டவுடன் ஃபங்ஷன் அங்கேயே முடிந்துவிடும், மீதிச் சுற்று நடக்காது. முதல் 6.5 லிட்டரோடு கிளம்பி வந்துவிட்டது. அந்த வரியை இடது பக்கம் நகர்த்தி ஃபாருக்கு நேர்கீழே வையுங்கள்.

பால்கணக்கு

ஆமாம், 700.0 வந்தது. நாலு இடைவெளியில் இவ்வளவு இருக்கிறதா! அப்புறம் முழு மாதத்தையும் ஏற்றினேன், திரும்பவும் டைப்எரர். இந்த முறை 'ஃப்ளோட்' (தசம எண்) அண்ட் 'நன்டைப்'. ரிட்டர்ன் இருக்கிறதே?

லேப்_டீச்சர்

பால்_விலையை இடையில் மாற்றினீர்களா? இப்போது இருக்கிறபடி அப்படியே ஒட்டுங்கள்.

பால்கணக்கு

ஒட்டப் போகும்போதே தெரிந்துவிட்டது அக்கா. ஒரு மாடு சினையாக இருப்பதால் சில வேளை பால் இல்லை, 0 என்று வரும். அதற்காக இஃப் லிட்டர் > 0 என்றால் ரிட்டர்ன் லிட்டர் * 40, எல்ஸில் பிரிண்ட்("பால் இல்லை") என்று சேர்த்திருந்தேன். பழைய புத்தி. எல்ஸ் வழியாகப் போனால் ரிட்டர்னே இல்லை, அதனால் நன்.

லேப்_டீச்சர்

அதேதான். எந்த வழியாகப் போனாலும் ரிட்டர்ன் கிடைக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கணக்குக்கு அந்த இஃப் தேவையே இல்லை, 0 * 40 என்பது 0 தானே. "பால் இல்லை" என்று காட்ட ஆசையாக இருந்தால் ஃபங்ஷனுக்கு வெளியே காட்டுங்கள்.

பால்கணக்கு

எடுத்துவிட்டேன், முழு மாதமும் ஓடுகிறது. அம்மாவின் காலண்டர் மொத்தத்தைவிட 80 ரூபாய் குறைவாக வந்ததும் மறுபடி இங்கே வந்து கேட்கலாம் என்று இருந்தேன். அம்மா காலண்டரைப் பார்த்துவிட்டு, "12ஆம் தேதி சாயங்காலம் 2 லிட்டர் எங்கே?" என்று கேட்டார். அந்த வேளையை நான் ஏற்றவே இல்லை.