மறுமொழி: பீம்டைம் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம். எக்ஸ் கதிரை உண்டாக்கும் சிங்க்ரோட்ரான் என்ற பெரிய வளைய எந்திரத்தில் ஓர் ஆய்வுக் குழுவுக்கு ஒதுக்கித் தரும் வாய்ப்பைத்தான் பீம்டைம் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் பேச்சின் தொடர்ச்சி இது.

> பீம் என்றால் கற்றை, டைம் என்றால் நேரம். ‘கற்றைநேரம்’ என்று வைத்துவிட்டுப் போகலாமே, இதில் என்ன சிக்கல்?

ஐயா, சொல்லில் பிழை இல்லை. ஆனால் சிங்க்ரோட்ரான் பக்கம் போகாதவர் அதைக் கேட்டால் ரயில் நேரம் மாதிரி ஏதோ ஒன்று என்றுதான் நினைப்பார். ஆங்கிலத்தில் டைம் என்று இருப்பதாலேயே நாமும் நேரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். நடப்பது வேறு.

கிரெனோபிளில் உள்ள ஐரோப்பிய சிங்க்ரோட்ரானை எடுத்துக்கொள்ளுங்கள். 844 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எலெக்ட்ரான்கள் ஓடுகின்றன. காந்தங்கள் அவற்றை வளைக்கும் இடங்களில் எக்ஸ் கதிர் கிளம்பி, நாற்பதுக்கு மேற்பட்ட தடங்களில் பிரிந்து போகிறது. ஒரு தடத்தில் ஒரு வேளைக்கு ஒரு குழுதான். ஆண்டுக்கு இரண்டு முறை விண்ணப்பம் வாங்குவார்கள். என்ன ஆய்வு, எந்தத் தடம், ஊரில் இருக்கும் ஆய்வகக் கருவி ஏன் போதாது என்றெல்லாம் எழுத வேண்டும். எத்தனை ஷிப்ட் வேண்டும் என்பதும் அதிலேயே உண்டு. ஒரு ஷிப்ட் 8 மணி நேரம். இருப்பதைவிடக் கேட்பவர்கள் அதிகம், அதனால் வல்லுநர் குழு படித்துப் பார்த்துப் பங்கிடும்.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஊர்க் கண்மாய்தான் ஞாபகம் வந்தது. மடை திறந்தால் இந்த வயலுக்கு இவ்வளவு நாழி, அடுத்து பக்கத்து வயல். ராத்திரி ரெண்டு மணிக்கு முறை வந்தால் ரெண்டு மணிக்குத்தான் போக வேண்டும். அப்பா அரிக்கேன் விளக்கும் மண்வெட்டியுமாகக் கிளம்புவார். நண்டு வளை வழியாகத் தண்ணீர் பாதி கசிந்து போயிருந்தாலும் மடையைக் கவனிக்கும் நீர்பாய்ச்சி, நேரம் முடிந்ததும் அடுத்த வயலுக்குத் திருப்பிவிடுவார்.

பல வருடம் கழித்து, வெளிநாட்டு நிலையம் ஒன்றில் நானும் அப்படித்தான் நின்றேன். புரதப் படிகத்தைக் குளிர் நைட்ரஜன் தாரையில் பொருத்திவிட்டு, கதிர் வெளியே வராமல் தடுக்கும் ஈய அறைக்குள் யாரும் இல்லை என்று சுற்றிப் பார்த்து, பொத்தான்களை அமுக்கி, கதவைப் பூட்டிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தோம். அதிகாலை 3 மணி இருக்கும். திரையில் வளைய மின்னோட்டம் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது, அதாவது கற்றை நின்றுபோனது. திரும்பக் கற்றை வருவதற்குள் விடிந்துவிட்டது, எங்கள் ஷிப்டும் முடிந்துவிட்டது. அடுத்த குழு தங்கள் படிகங்களோடு வாசலில் நின்றது. போனது போனதுதான்.

ஆகவே இது நேரம் இல்லை, முறை. போன வாரம் ‘கதிர்முறை’ என்று நான் எழுதியது இதனால்தான்.

> கதிர்முறை என்றால் கதிரைப் பயன்படுத்தும் ஒரு வழிமுறை என்று ஆகாதா?

ஆகும், சகோதரி. நீங்கள் சொன்ன பிறகுதான் உறைத்தது. செய்முறை, வழிமுறை, நடைமுறை என்று முறை பின்னால் வந்தாலே ‘எப்படி’ என்ற பொருள் ஒட்டிக்கொள்கிறது. முன்னால் வந்தால் பாருங்கள்: முறைத்தண்ணீர், விட்டுவிட்டு வரும் முறைக்காய்ச்சல், சென்னையில் ஒண்டுக் குடித்தனக்காரர்கள் சண்டை போட்டுக்கொள்ளும் முறைவாசல். எல்லாமே ‘யாருக்கு எப்போது’ என்கிற கணக்கு. எனவே சொல்லைத் திருப்பிப் போடுகிறேன்: முறைக்கதிர்.

(முறைப்பெண், முறைமாமன் என்று யாராவது கிளம்புவீர்கள் என்று தெரியும். அதற்கு என்னிடம் பதில் இல்லை.)

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். “அடுத்த சுற்றுக்கு ஆறு ஷிப்ட் முறைக்கதிர் கேட்டிருக்கிறோம்.” “முறைக்கதிர் விண்ணப்பம் தள்ளுபடி ஆகிவிட்டது.” “இந்தோரில் உள்ள இந்துஸ்-2 சிங்க்ரோட்ரானில் முறைக்கதிர் கிடைத்திருக்கிறது, டிக்கெட் போட வேண்டும்.” என் காதுக்கு உறுத்தவில்லை. கற்றைநேரம் தள்ளுபடி ஆகிவிட்டது என்று சொல்லிப் பாருங்கள்.

‘தமிழில் யார் இதையெல்லாம் எழுதப் போகிறார்கள்’ என்று ஒருவர் கேட்டிருந்தார். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமின் படிகங்களோடு சிங்க்ரோட்ரான் நிலையங்களுக்கு அலைந்த கதை 2009இல் நோபல் பரிசில் போய் முடிந்தது. அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் இந்தச் சொல் இல்லாமல் நான் முழித்தேன்.

இதே போக்கில் பீம்லைனுக்கு, அதாவது மேலே சொன்ன தடத்துக்கு, ‘கதிர்க்கால்’ சரிப்படுமா? வாய்க்காலில் உள்ள அதே கால்தான். கற்றைவழி ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் எனக்கு இதில் பிடிவாதம் இல்லை. ஷிப்டுக்கு மட்டும் ஒன்றும் அகப்படவில்லை. யாமம் என்று எழுதிப் பார்த்தேன். அது மூன்று மணி நேரம்தான், இது எட்டு. ஆலைத் தொழிலாளர்கள் ஷிப்ட் என்றே சொல்கிறார்கள், அப்படியே விட்டுவிடலாமா?