ஆல்பர்ட் ஃபால்ஸ் அணையில் மூன்று சனிக்கிழமை போயும் ஒரு பாஸ் மீன்கூட இல்லை, எங்கே தப்பு?

கடல்கை:
வணக்கம். நான் தென்னாப்பிரிக்கா, டர்பனில் இருக்கும் சாட்ஸ்வொர்த். சின்ன வயதிலிருந்தே கடற்கரையில் நின்று ஷாட் என்கிற கடல்மீன் பிடிக்கிற ஆள், அணைப் பக்கம் போனதே இல்லை. காவடி விரதம் முடிந்த கையோடு மச்சான் பேச்சைக் கேட்டு ஆல்பர்ட் ஃபால்ஸுக்குப் போக ஆரம்பித்தேன், இதோடு மூன்று சனிக்கிழமை ஆயிற்று, வீட்டில் சிரிக்கிறார்கள். காலை 9 மணிக்குப் போய் 2 மணி வரை நிற்கிறேன். கடலுக்கு வைத்திருக்கும் 12 அடி ராடு, 15 கிலோ தாங்கும் லைன், நுனியில் ஸ்டீல் கம்பி, மீனை ஏமாற்ற மினுங்கும் வெள்ளித் தகடு, அதாவது ஸ்பூன். கரை செங்குத்தாக இறங்கும் இடமாகப் பார்த்து, எவ்வளவு தூரம் வீச முடியுமோ அவ்வளவு தூரம் வீசி, அடி வரைக்கும் இறக்கிவிட்டுத்தான் சுற்றுகிறேன். ஒரே ஒரு தடவை புல்லோரமாக ஸ்பூனை இழுத்தபோது பின்னாலேயே ஒன்று வந்தது. என் காலுக்கு ஒரு கஜ தூரத்தில் நின்று, செவுள் மட்டும் அசைய, ஸ்பூனைப் பார்த்தது, திரும்பிப் போய்விட்டது. அந்த மூஞ்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

விரால்பையன்:
அண்ணா, அந்த ஒரு மீனே உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. ஷாட்டுக்குப் பல் கத்தி மாதிரி, கம்பி வேண்டும். ஜோசினி அணைப் பக்கம் புலிமீன் பிடிக்கப் போனாலும் கம்பி இல்லாமல் முடியாது. பாஸுக்கு இருப்பது அரம் மாதிரி சொரசொரப்பு, அவ்வளவுதான், லைனை அறுக்காது. கம்பியைக் கழற்றுங்கள், லைனை 6 கிலோவுக்கு இறக்குங்கள்.

அடுத்தது ஆழம். இங்கே டிசம்பரில் தொடங்கும் கோடை முழுக்கக் காய்ந்து மேல்தண்ணீர் சூடாகிக் கிடக்கும், கீழே குளிர்ந்த தண்ணீர் கனமாகப் படுத்திருக்கும், இரண்டும் கலக்காது. அடியில் செடி, சருகு எல்லாம் அழுகி, இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். பிப்ரவரி, மார்ச்சில் ஆழமான இடத்தின் அடியில் ஸ்பூன் போடுவது ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டுவது மாதிரி. விடியும்போது புல்லோரம், வெயில் ஏறியதும் கரை மேடு சட்டென்று இறங்குகிற விளிம்பில் நாலைந்து மீட்டர் ஆழம், இந்த இரண்டும்தான் இடம். ஐந்தரைக்கே வெளிச்சம் வந்துவிடுகிறது, நீங்கள் 9 மணிக்குப் போனால் எப்படி?

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் குளத்தில் விராலுக்கு ரப்பர் தவளை போடுவோம், இங்கேயும் காலையில் அதேதான், புல்லுக்கு மேலேயே போட்டுத் தத்தித் தத்தி இழுங்கள்.

டோங்காட் தாத்தா:
பாஸ் பின்னால் ஏன் அலைகிறாய் தம்பி, கோழி ஈரலைக் கோர்த்து ராத்திரி போட்டால் பார்பல் கெளுத்தி வந்து ராடையே இழுத்துக்கொண்டு போகும். சரி, கேட்டதற்குச் சொல்கிறேன். புது அணை என்றால் முதலில் அடி தெரியவேண்டும். 2016 வறட்சியில் அந்த அணை வெகுவாக வற்றியது. கூகுள் எர்த்தில் பழைய வருடப் படத்துக்குப் போய்ப் பார், இப்போது முழுகிக் கிடக்கும் மேடு, பள்ளம், பழைய உம்கேனி ஆற்றுத் தடம் தெரியும். படகில் மீன் காட்டும் கருவி வைத்திருப்பவன் தேடுவதும் இதைத்தான், உனக்கு இலவசம்.

மத்தியானம் மேகம் கறுத்தால் ராடைக் கீழே போட்டுவிட்டு வண்டிக்குள் போ. கார்பன் ராடு இடிதாங்கி மாதிரிதான். அப்புறம், கடல் அனுமதிச்சீட்டு அணைக்குச் செல்லாது, மாகாண வனவிலங்கு அமைப்பான எசெம்வேலோவின் நன்னீர் அனுமதி தனி. வாங்கினாயா?

கடல்கை:
தாத்தா, அது தனி என்றே தெரியாது. வாங்கிவிடுகிறேன். விளிம்பில் ஸ்பூனேதானா, வேறு ஏதாவதா?

விரால்பையன்:
பிளாஸ்டிக் புழு. சின்ன ஈயத்தோட்டா முன்னால், தூண்டில் முள்நுனியைப் புழுவுக்குள்ளேயே புதைத்துவிடுங்கள், செடியில் மாட்டாது. போட்டுவிட்டுச் சும்மா இருங்கள், ஒரு அடி இழுங்கள், மறுபடியும் சும்மா. பாஸ் கடித்து இழுக்காது, வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சும், கையில் ஒரு 'டிக்' மட்டும்தான் வரும். ராடு வளையட்டும் என்று காத்திருந்தால் துப்பிவிடும். லைனையே பார்த்துக்கொண்டிருங்கள்.

கடல்கை (அடுத்த திங்கள்):
போனேன். மச்சானின் 7 அடி ராடு, கம்பி இல்லை, அனுமதிச்சீட்டு பையில். தவளையை ஒன்று அடித்தது, புல்லே வெடித்த மாதிரி சத்தம், பதற்றத்தில் உடனே ராடை வெடுக்கென்று வெட்டி இழுத்ததில் தவளைதான் பறந்து முகத்துக்கு வந்தது. எட்டரைக்கு, படத்தில் பார்த்து வைத்திருந்த மேட்டின் விளிம்பில் புழு. 'டிக்' வரவில்லை, லைன் மட்டும் மெதுவாக இடது பக்கம் நகர்ந்தது. 1.4 கிலோ. கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்கிப் படம் எடுத்துவிட்டு விட்டுவிட்டேன், அம்மா கேட்டால் நழுவிவிட்டது என்று சொல்லப்போகிறேன். தவளை அடிக்கும்போது எத்தனை எண்ணிவிட்டு வெட்ட வேண்டும்?

விரால்பையன்:
எண்ண வேண்டாம் அண்ணா. தவளை கண்ணிலிருந்து மறைந்து, லைனில் கனம் தெரிந்த பிறகு வெட்டுங்கள்.