'டெண்டர் எதிர்ப்பு' என்று எழுதலாமா?

டெண்டரில் கோளாறு என்று எழுத்தில் முறையிடுவதை ஆங்கிலத்தில் 'bid protest' என்கிறார்கள். தமிழில் அதற்கு என்ன சொல் வைப்பது என்பதுதான் கேள்வி. 'ஏல எதிர்ப்பு' என்ற சொல்லை முதலில் தள்ளிவிடுவோம். நகராட்சியில் ஏலம் என்றால் தினசரி மார்க்கெட் கடை, வாரச்சந்தை சுங்கம், பஸ் ஸ்டாண்டு சைக்கிள் ஸ்டாண்டு. கூடக் கேட்டவருக்குப் போகும். டெண்டரோ குறையக் கேட்டவருக்கு. தலைகீழான இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் கிருஷ்ணகிரியில் எந்தக் காண்டிராக்டரும் அதைத் தொடமாட்டார்.

'எதிர்ப்பு' என்பதிலும் சிக்கல் உண்டு. அது மறியலுக்கும் கோஷத்துக்கும் உரிய சொல். 'எதிர்ப்பு மனு' என்று தலைப்பிட்டு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் பொதுமனுவாகப் பதிவார்கள். 'உரிய நடவடிக்கைக்கு' என்று குறிப்பெழுதி, முடிவெடுத்த அதே அலுவலகத்துக்கே அது திரும்பிப் போகும். அதற்குள் கெடு முடிந்திருக்கும்.

கெடு பத்தே நாள். 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தில் 11-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. டெண்டரை ஏற்கும் அதிகாரியின் ஆணை கைக்கு வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். ஆணை வந்த தபால் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மனு போக வேண்டிய இடம் அரசு. கமிஷனருக்கு எழுதினால் அது மேல்முறையீடு ஆகாது. நகராட்சி, பேரூராட்சி என்றால் நகராட்சி நிர்வாகத் துறைச் செயலர். ஊராட்சி ஒன்றியம் என்றால் ஊரக வளர்ச்சித் துறைச் செயலர். ஆணை நகல், டெண்டர் ஷெட்யூல் (நிபந்தனையும் அளவு விவரமும் உள்ள ஆவணம்), ஈ.எம்.டி. (டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகை) ரசீது மூன்றையும் இணைக்க வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை: 'டெண்டர் மேல்முறையீடு'.

*

ஐயா, பாதிக்குத்தான் அது பொருந்தும். 11-ஆம் பிரிவு டெண்டர் போட்டவருக்கு மட்டும் உரியது. அதுவும் ஆணை வந்த பிறகு. ஷெட்யூலிலேயே கோளாறு இருந்தால்?

குப்பை அள்ளும் பேட்டரி வண்டிக்கு டெண்டர் என்று வையுங்கள். தொட்டியின் நீளம், அகலம், தகட்டின் கனம் எல்லாம் ஒரே கம்பெனியின் கேட்லாக்கில் உள்ளபடி மில்லிமீட்டர் பிசகாமல் இருக்கும். 'அல்லது அதற்கு ஈடான' என்ற வரி இருக்காது. அல்லது டெண்டர் போடக் கொடுத்த நாள் குறைவாக இருக்கும். அதே சட்டத்தின் 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரை 15 நாள், அதற்கு மேல் 30 நாள் தர வேண்டும்; குறைப்பதானால் மேலதிகாரி காரணம் எழுதி அனுமதித்திருக்க வேண்டும். இவற்றை டெண்டர் உறைகளைப் பிரிப்பதற்கு முன்பே, டெண்டர் கோரிய அதிகாரிக்கே எழுத வேண்டும். ஷெட்யூலைத் திருத்த அப்போதுதான் அவருக்கு வழி உண்டு. தோற்ற பிறகு இதைக் கிளப்பினால், 'நிபந்தனையை ஒப்புக்கொண்டுதானே கையெழுத்துப் போட்டீர்கள்' என்பார்கள்.

இதற்கு 'ஆட்சேபணை' போதும். தருமபுரி தாலுகா ஆபீசில் பட்டா மாறுதலுக்கே அந்தச் சொல்தான் ஓடுகிறது. யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

*

சரி. உறை பிரிக்கும் முன் 'டெண்டர் ஆட்சேபணை', ஆணைக்குப் பின் 'டெண்டர் மேல்முறையீடு'. ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றாக்க வேண்டாம். 'டெண்டர்' என்பதற்குப் பதில் அதன் தமிழ்ச் சொல்லான 'ஒப்பந்தப்புள்ளி' என்று தொடங்கலாம்தான். ஆனால் பேச்சில் அது 'புள்ளி' என்று சுருங்கினால் கொட்டேஷனைக் குறிக்கும் விலைப்புள்ளியோடு குழம்பும். டெண்டர் டெண்டராகவே இருக்கட்டும்.