நேரம் முடிந்த பிறகும் ஆட்டம் எப்படித் தொடர்ந்தது? (பாரிஸ் ஒலிம்பிக், பெண்கள் ரக்பி செவன்ஸ்)

கேள்வி: வைகைக்கரை

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் ரக்பி செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி) வெண்கலப் பதக்கப் போட்டி, அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் மோதியது. என் மகள் அதன் காணொளியைப் பார்த்துவிட்டு என்னையும் பிடித்து உட்கார வைத்தாள். எனக்கு ரக்பி பற்றி ஒன்றும் தெரியாது. பள்ளியில் கபடி ஆடியவள், அது நன்றாகத் தெரியும். ஆஸ்திரேலியா 12-7 என்று முன்னால் இருக்கிறது, இன்னும் சில நொடிகள்தான். அமெரிக்கா தன் கோட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது. அப்போது அலெக்ஸ் செட்ரிக் என்ற பெண் பந்தை வாங்கி, பிடிக்க வந்தவர்களை உதறிவிட்டு, எதிர்க்கோடிவரை ஒரே ஓட்டமாக ஓடி, கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து ட்ரை போட்டுவிட்டார். 12-12. அப்புறம் அவரே உதைத்து 14-12. வெண்கலம் அமெரிக்காவுக்கு.

எனக்குப் புரியாதது: கடைசிக் கட்டத்தில் ட்ரை போட்டு முன்னால் போனது ஆஸ்திரேலியா. அப்படியிருக்க பந்து எப்படி அமெரிக்காவின் கையில் இருந்தது? நேரம் முடிந்த பிறகு அந்த உதையை ஏன் அனுமதித்தார்கள்? மகள் கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இது வெறும் அதிர்ஷ்டமா, இல்லை இதில் ஆட்ட முறை ஏதாவது இருக்கிறதா?

ஓரக்கோடு

நல்ல இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். செவன்ஸின் உயிரே அந்த முதல் கேள்வியில்தான் இருக்கிறது. பதினைந்து பேர் ஆடும் ரக்பியில் எதிரணிக்குப் புள்ளியை விட்டுக்கொடுத்த அணி கிக்ஆஃப் எடுக்கும், அதாவது உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும். செவன்ஸில் அப்படியே தலைகீழ், ட்ரை போட்ட அணிதான் பந்தை எதிரணிப் பக்கம் உதைத்து ஆட்டத்தை மறுபடி தொடங்க வேண்டும். அதாவது நீங்கள் முன்னால் போன அடுத்த நிமிடமே பந்தை எதிராளியின் பக்கம் அனுப்பியாக வேண்டும். அதை அந்தரத்தில் பாய்ந்து திரும்பப் பிடிக்கலாம், எல்லா அணிகளும் அதற்காகவே மணிக்கணக்கில் பயிற்சி எடுக்கும். ஆனால் பெரும்பாலும் பந்து எதிரணிக்குத்தான் போகும்.

நேரத்துக்கு வருகிறேன். நீங்கள் கபடி ஆடியவர் என்பதால் சுலபமாகச் சொல்லலாம். கபடியில் பாதி முடிகிற நேரத்தில் ஒருவர் பாடிப் போயிருந்தால் அந்த ரெய்டு முடியும்வரை விடுவார்கள் இல்லையா, அதே மாதிரிதான் இங்கேயும். கடிகாரம் சுழியத்தைத் தொட்டாலும் பந்து ஆட்டத்தில் இருக்கும்வரை ஆட்டம் முடியாது. பந்து கோட்டைத் தாண்டிப் போக வேண்டும், இல்லை கை நழுவி முன்னால் விழ வேண்டும். ட்ரை விழுந்துவிட்டால் கன்வர்ஷன் உதையும் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துக் கூடுதல் புள்ளி எடுப்பது) அதனுடன் சேர்ந்தது, நேரம் முடிந்திருந்தாலும் அது உண்டு.

அப்புறம் ஒரு பாதிக்கு 7 நிமிடம்தான், மொத்தம் 14. ஆனால் மைதானம் பதினைந்து பேர் ஆடும் அதே முழு அளவு. ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும் ஒரு டேக்கிள் தப்பினால் பின்னால் மறிக்க ஆளே இருக்காது. செட்ரிக் ஓடியது அந்த வெற்று நிலத்தில்தான்.

ஆறாம் வரிசை

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் அதிர்ஷ்டமா என்ற கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. என் பதில்: இல்லை.

புள்ளிகளைக் கூட்டிப் பாருங்கள். இரண்டு அணிகளும் ஆளுக்கு இரண்டு ட்ரை. ட்ரைக்கு 5, கன்வர்ஷனுக்கு 2. அமெரிக்கா இரண்டு கன்வர்ஷனையும் போட்டது, ஆஸ்திரேலியா ஒன்றை விட்டது. அந்த ஒன்று உள்ளே போயிருந்தால் 14-7 ஆகியிருக்கும், செட்ரிக் என்ன ஓடினாலும் சமன்தான் ஆகியிருக்கும். எல்லாரும் அந்த ஓட்டத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள், தவறிய அந்த இரண்டு புள்ளியை யாரும் பேசுவதில்லை. கன்வர்ஷன் ட்ரை வைத்த இடத்துக்கு நேராகத்தான் உதைக்க வேண்டும், அதுவும் செவன்ஸில் பந்தைத் தரையில் விட்டு அது எழும்பும்போது. ஓரத்தில் ட்ரை வைத்தால் கோணம் ஒடுங்கிவிடும். செட்ரிக் அவ்வளவு தூரம் ஓடி மூச்சு வாங்கும்போதும் கம்பங்களுக்கு நடுவே கொண்டுபோய் வைத்தார் பாருங்கள், வெண்கலம் அங்கேதான் முடிவானது.

ஆஸ்திரேலியாவுக்காக எனக்கு இன்றும் மனசு கனக்கிறது. ஒலிம்பிக்குக்கு முன்னால் மத்ரீதில் நடந்த உலகத் தொடரின் இறுதியை வென்றவர்கள் அவர்கள். மேடிசன் லீவை அந்த ஒலிம்பிக்கில் மட்டும் 14 ட்ரை போட்டார், ஒரே ஒலிம்பிக்கில் அதற்கு முன் யாரும் போடாத எண்ணிக்கை. அப்படிப்பட்ட அணி அரையிறுதியில் கனடாவிடம் 12-0 என்று முன்னால் இருந்து 21-12 என்று தோற்றது, அடுத்தது இது. கையில் ஒரு பதக்கமும் இல்லை.

உங்கள் மகளுக்கு வெண்கலப் போட்டியுடன் நிறுத்தாமல் கனடாவின் கதையையும் காட்டுங்கள். முதல் சுற்றில் நியூசிலாந்திடம் 33-7 என்று நொறுங்கிய அணி அது. காலிறுதியில் சொந்த மண்ணில் ஆடிய பிரான்சை, டோக்கியோவில் வெள்ளி வாங்கிய பிரான்சை, அந்தக் கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே 19-14 என்று வெளியே அனுப்பியது. இறுதியில் அதே நியூசிலாந்து. இடைவேளையில் கனடா 12-7 முன்னிலை! இரண்டாம் பாதியில் மைக்கேலா பிளைட், ஸ்டேசி வாக்கா ஆளுக்கு ஒரு ட்ரை போட்டு 19-12 என்று தங்கத்தைத் தக்கவைத்தார்கள். 33-7 தோல்விக்கும் இதற்கும் இடையே இரண்டே நாள்.

காலாங் வாசி

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். 2024 மே மாதம் உலகத் தொடரின் ஒரு சுற்று இங்கே தேசிய விளையாட்டரங்கில் நடந்தது, போய்ப் பார்த்தேன். ஆண்கள் போட்டி, பெண்கள் போட்டி எல்லாம் ஒரே அரங்கில், ஒன்று விட்டு ஒன்றாக. பெண்கள் போட்டியைக் காலையில் காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆடவிட்டு ஒதுக்கும் வழக்கம் இங்கே இல்லை, எனக்கு அதுதான் முதலில் பிடித்தது. பாரிஸிலும் ஸ்டேட் டி பிரான்ஸ் அரங்கில் பெண்கள் ஆட்டத்துக்கே சுமார் 66,000 பேர் வந்தார்கள்.

நேரில் பார்த்தால் தொலைக்காட்சியில் தெரியாத ஒன்று தெரியும். பந்து இல்லாத பெண்கள் எவ்வளவு ஓடுகிறார்கள் என்பது. பந்தை முன்னால் வீசக்கூடாது, பின்னால்தான் கொடுக்க வேண்டும், அதனால் பந்து வைத்திருப்பவரின் பின்னால் எப்போதும் இரண்டு பேர் வந்து சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அவர்கள் வரவில்லை என்றால் ஆட்டம் அங்கேயே முடிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வெண்கலத்துக்கு மறுநாள் மிஷேல் காங் என்ற தொழிலதிபர் அமெரிக்கப் பெண்கள் செவன்ஸ் அணிக்கு நான்கு ஆண்டுகளில் 40 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். நல்ல செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் பதக்கத்துக்குப் பிறகு வரும் பணம் அது. ஃபிஜியைப் பாருங்கள், டோக்கியோவில் பிரிட்டனை வென்று வெண்கலம் வாங்கிய பெண்கள், பாரிஸில் 12 அணிகளில் கடைசி இடம். ஒரு பதக்கம் வாங்கிவிட்டால் அடுத்த நான்கு வருடம் தானாக நடக்காது. பயிற்சி, பயணம், சம்பளம் எல்லாம் ஒவ்வொரு வருடமும் வேண்டும்.

வைகைக்கரை

மூன்று பேருக்கும் நன்றி. நேற்று இரவு நீங்கள் சொன்னபடி இறுதிப் போட்டியைப் போட்டோம், மகள் இந்தத் தடவை பந்தைப் பார்க்காமல் பின்னால் வருகிறவர்களையே பார்த்தாள். ட்ரை போட்ட அணியே உதைக்க வேண்டும் என்றதும் அவள் கேட்ட அடுத்த கேள்வி, அப்படியென்றால் கடைசி நிமிடத்தில் வேண்டுமென்றே ட்ரை போடாமல் பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தலாமா என்று. முன்னால் இருக்கும் அணி அப்படிச் செய்வதுண்டா, ஓரக்கோடு?

ஓரக்கோடு

செய்வார்கள். ட்ரை போட வழி திறந்திருந்தால், கோட்டைத் தாண்டிய பிறகும் உடனே பந்தைத் தரையில் வைக்காமல் கம்பம் வரைக்கும் நடந்து போய் வைப்பதும் அதற்காகத்தான், நொடிகளும் கரையும், கன்வர்ஷனும் சுலபமாகும். ஆனால் பின்னாலிருந்து ஒருத்தி வந்து தட்டிவிட்டால் எல்லாம் போச்சு. உங்கள் மகளை ஒரு பந்து வாங்கி மைதானத்துக்கு அனுப்புங்கள்.