ராமாவின் படிக்கட்டை வில்னெவ் எப்படி எடுப்பார்?

நல்லதண்ணி வாசகன்:

ஆர்தர் சி. கிளார்க்கின் 'ரெண்டெவூ வித் ராமா' நாவலை டெனி வில்னெவ் படமாக்கப்போகிறார் என்ற செய்தி 2021 டிசம்பரில் வந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். அந்தப் படிக்கட்டை அவர் எப்படி எடுப்பார்?

நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஆண்டு 2131. சூரியனை நோக்கி வரும் ஒன்றை முதலில் குறுங்கோள் என்று நினைக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நீளமான உருளை, யாரோ செய்து அனுப்பியது. அதன் பெயர்தான் ராமா. 4 நிமிடங்களுக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகிறது. மனிதர்கள் அதன் நடு அச்சு வழியாக உள்ளே நுழைகிறார்கள். அங்கே எடையே கிடையாது. சுவர்ப்பக்கமாகப் படியிறங்க இறங்க, அந்தச் சுழற்சியால் எடை கூடிக்கொண்டே வரும். 8 கிலோமீட்டர் ஆழம், கும்மிருட்டு.

நான் சிவனொளிபாதமலை அடிவாரத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவன். மலைக்கு யாத்திரிகர் வரும் சீசன் காலத்தில் அப்பா படியோரம் தேநீர்க் கடை போடுவார். பத்து வயதிலிருந்து சீனியும் பால்மாவும் தலையில் சுமந்து ஏறியிருக்கிறேன். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான் உடம்பு தன் கனத்தைக் காட்டும். பாதி வழியில் முழங்கால் நடுங்கத் தொடங்கிவிடும். விடியற்காலைக் குளிரில் இரும்புக் கைப்பிடியைப் பற்றினால் உள்ளங்கை மரத்துப்போகும், விடவும் பயம். இரவில் லய வாசலில் நின்று பார்த்தால் மலை தெரியாது. படிகளின் விளக்கு வரிசை மட்டும் வானத்தில் தொங்கும். ராமாவை முதன்முதலில் படித்தபோது அந்த வரிசைதான் என் கண்ணில் நின்றது.

என் ஊகம் இதுதான். 'அரைவல்' (2016) படத்தில் வேற்றுலகக் கலத்துக்குள் போகும்போது எது தரை, எது சுவர் என்பதே மாறிவிடும். வில்னெவ் அங்கே அவசரப்படவில்லை. ராமாவுக்குள்ளும் முதல் அரைமணி நேரம் தலைக்கவச விளக்கின் வட்டத்துக்கு மேல் எதையும் காட்டமாட்டார் என்று நம்புகிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஹட்டன் ரசிகன்:

தம்பி, கொஞ்சம் பொறுமை வேண்டும். 'டியூன்' மூன்றாம் பாகத்துக்கு 2026 டிசம்பர் 18 என்று நாள் குறித்திருக்கிறார்கள். ஜேம்ஸ் பொண்ட் படமும் அவர் கையில் இருக்கிறது. ராமா அதற்கெல்லாம் பிறகுதான் வரும். நடிகர் மோர்கன் ஃப்ரீமன் இந்த நாவலைப் படமாக்கப் பல வருடங்கள் அலைந்தவர் என்பதையும் மறக்க வேண்டாம்.

அரைமணி நேர இருட்டை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அவ்வளவு பெரிய உருளையை நாவல் கட்டி வைத்திருக்கிறது. அதன் முழு நீளத்தையும் ஒரே பார்வையில் பார்க்கத்தான் நான் கொழும்புக்குப் பஸ் ஏறுவேன்.

ஹப்புத்தளை அக்கா:

எனக்குப் படியைவிடக் கடல்தான் முக்கியம். உருளையின் நடுவே வளையமாக உறைந்து கிடக்கும் கடல், சூரியனை நெருங்க நெருங்க உருகுகிறது. பிறகு புயல் கிளம்புகிறது. அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலேயும் அதே கடல்!

எங்கள் ஊரில் பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி வருவதைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். லிப்டன் சீட் என்ற மலை முகட்டில் நிற்கும்போது, சற்று முன்பு தெரிந்த கொழுந்து மலைகள் ஒவ்வொன்றாக மறையும். கடைசியில் நம் செருப்பின் ஓரம் வரை வெள்ளை வந்துவிடும். அந்த மூட்டத்தைக் கணினியில் மட்டும் வரைந்தால் எனக்கு மனம் ஆறாது. 'டியூனுக்காக' ஜோர்தானின் வாடி ரம் பாலைவனத்துக்கே போய்ப் படம்பிடித்தவர் அல்லவா?

இன்னொன்று. நாவலில் கார்லைல் பெரேரா என்றொரு விஞ்ஞானி வருகிறார், வேற்றுலக உயிர்களை ஆராய்பவர். அந்தப் பெயரைத் தயவுசெய்து மாற்றிவிடக் கூடாது. கிளார்க் 1956இல் இங்கே வந்து 2008இல் கொழும்பில் இறந்தவர். அந்தப் பெயர் அவர் இந்த மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டது.

பதுளை நூலகப் பிரியன்:

வில்னெவ் எடுக்க வேண்டியது ராமாவை அல்ல, 1979இல் வந்த 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பாரடைஸ்' நாவலைத்தான். நம் சிவனொளிபாதமலையை மனத்தில் வைத்து எழுதியது. மலை உச்சியிலிருந்து விண்வெளி வரை ஒரு மின்தூக்கி! அது நிலநடுக்கோட்டில்தான் நிற்கும் என்பதால், கதைக்காகத் தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திவிட்டார் கிளார்க்.

நல்லதண்ணி வாசகன்:

பதுளை அண்ணா, அந்த நாவல் படமானால் எங்கள் தோட்டமே திரண்டு போகும். ஆனாலும் ராமா முதலில் வரட்டும். அக்கா சொன்ன பெரேராவை நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. அவர் அப்படியே இருக்க வேண்டும்.

ஹட்டன் அண்ணா, முழு நீளமும் தெரியத்தான் வேண்டும். ஆனால் இருட்டில் நடந்து களைத்த பிறகு தெரியட்டும். மலை உச்சியில் குளிரில் குந்தியிருந்தவனுக்குத்தானே சூரியன் வருவது அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது?

நேற்றிரவு அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கேத்தலைக் கழுவிக்கொண்டே முழுவதையும் கேட்டார். "கீழே போகப் போகக் கனம் கூடுமென்றால், மேற்படிகள் உயரமாகவும் கீழ்ப்படிகள் தட்டையாகவும் அல்லவா இருக்க வேண்டும்? கட்டியவர்களுக்கு அது தெரியாமலா இருக்கும்?" என்றார். இத்தனை நாள் யோசித்தும் எனக்கு அது தோன்றவில்லை. படம் வந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போவேன். இருவரும் முதலில் படியின் உயரத்தைத்தான் பார்ப்போம்.