மறுமொழி: ‘உவர் எதிர்ப்பு வேர்ச்செடி’ சரியா?

வணக்கம் ஐயா, நண்பர்களே,

> உப்புத் தண்ணீர் பாய்ச்சினாலும் எலுமிச்சை, ஆரஞ்சைக் காப்பாற்றும் வேர்ச்செடியை ‘உவர் எதிர்ப்பு வேர்ச்செடி’ எனலாமே, ‘நோய் எதிர்ப்பு’ போல.

ஒட்டுக் கட்டும்போது அடியில் வேராக நிற்கும் செடியை ‘வேர்ச்செடி’ என்பதோடு எனக்குச் சண்டை இல்லை. ‘வேர்த்தண்டு’ என்று எழுதினால் இஞ்சி, மஞ்சள் பக்கம் போய்விடும். பால்மரத்துக்கு (ரப்பருக்கு) கண் ஒட்டிப் பழகிய என் அப்பா ‘அடிக்கன்று’ என்பார். அதுவும் நல்ல சொல்தான். ‘உவர்’ சரி. ‘களர்’ வேறு, அது சோடியம் ஏறிக் கெட்ட மண். எனக்கு இடறுவது ‘எதிர்ப்பு’.

எலுமிச்சைக் குடும்பம் உப்பை எதிர்த்து நிற்கிற குடும்பமே இல்லை. எந்தப் பயிர் எவ்வளவு உப்பைத் தாங்கும் என்று மாஸும் ஹாஃப்மனும் 1977-இல் தொகுத்த அட்டவணையில், ஆரஞ்சு மீட்டருக்கு 1.7 டெசிசீமன்ஸ் வரைதான் தாங்கும்; இது மண்சாற்றின் மின்கடத்துதிறன், உப்பு ஏற ஏற இதுவும் ஏறும். அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சலில் 16 விழுக்காடு போய்விடும். பார்லிக்கு அந்த எல்லை 8. ஆகவே ‘உவர்தாங்குதிறன்’ என்று அடக்கமாகச் சொல்வோம்.

அதுவும் போதாது. கிளியோபாட்ரா மாண்டரின், ரங்பூர் எலுமிச்சை ஆகிய வேர்ச்செடிகளின் மேல் ஒட்டினால் உப்பிலுள்ள குளோரைடு பெரும்பாலும் வேரோடு நின்றுவிடுகிறது, இலைக்கு அவ்வளவாக ஏறுவதில்லை. கரிசோ சிட்ரேஞ்ச் என்ற கலப்பின வேர்ச்செடி மேல் ஒட்டினால் தாராளமாக ஏறுகிறது. முதல் இரண்டும் குளோரைடை விழுங்கிவிட்டுப் பொறுத்துக்கொள்வதில்லை, மேலே அவ்வளவாக விடுவதில்லை. பொறுப்பது வேறு, விடாதது வேறு. நாம் தேடும் சொல் விடாததற்கு.

இதை ஏன் பிடித்துத் தொங்குகிறேன் என்றால், ஒருமுறை பட்டிருக்கிறேன். இங்கே மலேசியாவில், பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில் வெயில் காலத்தில் ஆறு இறங்கினால் கடல் தண்ணி ஏறி வரும். வீட்டு லீமாவ் கஸ்தூரியின் (சிறு எலுமிச்சை வகை) இலை நுனி கருகியபோது எல்லாரும் பாரிட் (வாய்க்கால்) தண்ணியைத்தான் பழித்தோம். ஆனால் அந்தத் தண்ணியை நான் ஒரு வாளிகூட ஊற்றவில்லை. செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) போட்டது போக மிஞ்சிய சிவப்பு உரம், எம்.ஓ.பி., இரண்டு கை அள்ளி மரத்தடியில் தூவியிருந்தேன். அது பொட்டாசியம் குளோரைடு என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. நுனி மஞ்சளாகி, வெண்கல நிறமாகி, அப்புறம் ஓரமெல்லாம் முறுகி, தொட்டாலே உதிர்ந்தது. மரமோ விண்பதியன் போட்டது, அதாவது கிளையிலேயே வேர்விடச் செய்து வெட்டி நட்டது. காப்பாற்ற அடியில் வேறு வேரும் இல்லை. செம்பனைக்குச் சோறு, எலுமிச்சைக்கு நஞ்சு.

அதனால் சொல்லில் குளோரைடு இருக்க வேண்டும் என்கிறேன். ‘குளோரைடு விலக்கு’ என்றால் வரிவிலக்கு மாதிரி ஒலிக்கிறது. ‘தடுப்பு’ ஆற்றங்கரை மண்கரைக்குப் பொருந்தும், வேருக்கு அல்ல. ‘சலிப்பு’ என்று யாரோ எழுதியிருந்தார்கள்; மரத்துக்கே அலுத்துப்போனது போல இருக்கிறது. என் பரிந்துரை: குளோரைடு மறிப்பு. அப்படி மறிக்கும் வேர்ச்செடி ‘குளோரைடு மறிப்பி’.

---

தம்பிக்கு,

‘எதிர்ப்பு’ விழட்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘மறிப்பு’ என்றதும் சாலை மறியல்தானே நினைவுக்கு வருகிறது? தவிர, உப்பு என்றால் சோடியமும்தான். ‘உவர்மறிப்பு’ என்று ஒரே சொல்லாகப் போட்டால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் எளிது.

---

ஐயா,

மறியல் நினைவு வந்தால் வரட்டும். வேரடியில் குளோரைடு வண்டி நிற்கிறது, தண்ணீர் வண்டி போகிறது. நடப்பதும் ஏறத்தாழ அதுதான்.

‘உவர்மறிப்பு’ மட்டும் வேண்டாம். மூவிலை ஆரஞ்சு என்ற வேர்ச்செடியை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு மிதமாக இருக்கும்வரை சோடியத்தை வேரிலும் அடித்தண்டிலும் பிடித்து வைத்துக்கொள்ளும். குளோரைடை மேலே விட்டுவிடும். அதை ‘உவர்மறிப்பி’ என்று பட்டியலில் போட்டால், நம்பி நட்டவர் இலை கருகி நம்மிடம் வருவார். ‘சோடியம் மறிப்பி’ என்று போடுவோம். கிளியோபாட்ராவுக்கு ‘குளோரைடு மறிப்பி’. பொதுவாகப் பேசும்போது ‘உவர்தாங்கும் வேர்ச்செடி’.

பிள்ளைகளுக்கு மூன்று சொல் அதிகம் என்றால், உங்கள் வகுப்பில் ‘அடிக்கன்று’ ஆகட்டும் என்று அப்பா சார்பில் ஒரு வேண்டுகோள்.